மொழியைத் தேர்ந்தெடுக்கவும்

முப்பத்தெட்டு சதவீதம். கண்ணை மூடி ஐம்பது வரை எண்ணித் திறக்கிறேன், முப்பத்தெட்டுதான். இது மூன்றாவது தடவை. காலையில் பத்து மணிக்கு அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், இப்போது இரண்டேகால், நடுவில் எழுந்தது சோறு வடிக்கவும் அவருக்கு ஊட்டவும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் வரவும்தான். முதுகில் சேலை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பாளையங்கோட்டை வெயில் இந்த அறைக்குள் சுவர் வழியாகவே வரும், மேற்குச் சுவர், கை வைத்தால் இட்லிக் கொப்பரையைத் தொட்ட மாதிரி இருக்கும். ஃபேனைக் கூட்டி வைக்கலாம், கூட்டினால் காற்று நேராகக் கட்டில் பக்கம் அடித்து அவருடைய வலது தோள் குத்த ஆரம்பித்துவிடும், முகத்தைச் சுளிப்பார், அதனால் இரண்டிலேயே ஓடுகிறது. நீலத் திரை, நடுவில் வெள்ளை எழுத்து. கோப்புகளை நகலெடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது, எந்தக் கோப்பு, எங்கிருந்து எங்கே, ஒன்றும் சொல்லாது. பதிவாளர் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் டைப் அடித்தவள் நான், கடைசிப் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டரில்தான், எனக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் அங்கே என் வேலை எழுத்தோடு முடிந்துவிடும், பெட்டிக்குள் என்ன கோளாறு என்று பார்க்க ஆள் வருவார்கள். இந்த வீட்டில் அந்த ஆள் அவர்தான். இருந்தார். இருக்கிறார், இதோ எனக்குப் பின்னால் ஆறடி தள்ளித் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து என் முதுகையும் திரையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், திரும்பாமலே எனக்குத் தெரிகிறது. முப்பத்தொன்பது.

முதல் தடவை நூறு வரைக்கும் நன்றாகத்தான் போனது. நூறு வந்ததும் மெஷின் தன்னால் அணைந்து தன்னால் எழும்பியது, முடிந்தது என்று நினைத்து நான் எழுந்து இடுப்பை நிமிர்த்தினேன், பார்த்தால் மறுபடியும் அதே முதல் திரை. மொழியைத் தேர்ந்தெடுக்கவும். தேர்ந்தெடுக்கச் சொல்கிறதே தவிர அந்தப் பட்டியலில் இருப்பது ஒரே மொழி, அமெரிக்க ஆங்கிலம். அதையே அமுக்கினேன். திரும்ப ஒரு மணி நேரம், திரும்ப நூறு, திரும்ப அணைந்து எழும்பி, மொழியைத் தேர்ந்தெடுக்கவும். எதையோ தப்பாகச் செய்கிறேன், எங்கே என்றுதான் தெரியவில்லை. ஷைனி நேற்றே ஓசூரிலிருந்து போனில் சொன்னாள், "அம்மா, நீங்க அத ஒண்ணும் தொடாதீங்க, அடுத்த மாசம் வரும்போது நான் பாத்துக்கிடுதேன்." "அதுவரைக்கும் உங்கப்பா வாய மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம், மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மெர்லின் சொன்னது அவளுக்கும்தான் தெரியும், "முதல் ஒரு வருஷம் ரொம்ப முக்கியம் ஆன்ட்டி, இப்ப எவ்வளவு பழகுறோமோ அவ்வளவுதான்." பக்கவாதம் வந்து எட்டு மாதம் போய்விட்டது. படம் காட்டிப் பேசவைக்கிற புரோகிராம் ஒன்று மெர்லின் வைத்திருக்கிறாள், அங்கே ஒரு நாள் அதில் உட்காரவைத்ததில் அவர் பதினோரு வார்த்தை சொன்னார், நான் விரல்விட்டு எண்ணினேன். வீட்டில் தினமும் இரண்டு வேளை போடுங்கள் என்று ஒரு சிடியில் போட்டுத் தந்தாள். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது பத்து வருஷப் பழைய ஓ.எஸ்., கம்ப்யூட்டரையே ஓட்டுகிற அந்த அடிப்படை சாப்ட்வேர், அதில் இந்தப் புரோகிராம் ஓடாதாம். கடைக்காரரைக் கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்கிறார், இவரைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படித் தூக்கிக்கொண்டு போவேன், அதனால் புது ஓ.எஸ்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கிவந்து, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து நானே போடுகிறேன். நாற்பத்து நாலு. பரவாயில்லை, நகர்கிறது.

இந்தப் பெட்டியை அவர் யாரையும் தொட விட்டதில்லை. ஒவ்வொரு பாகமாக வாங்கி அவரே பூட்டியது. பாலிடெக்னிக்கில் இயற்பியல் எடுத்த மனுஷன், ஒரு ஒயர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதில்கூட அவருக்கு ஒரு நியாயம் உண்டு. தூசி துடைக்கப் போனால்கூட "ஏட்டி, துணியக் கொண்டாராத, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். இன்றைக்கு நான் அவர் கண்முன்னாலேயே, அவர் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரம் பார்த்து, இதற்குள் கையை விட்டு, சரி, அந்த நினைப்பே வேண்டாம். ஆனால் அது போகவில்லை, அந்த நாலு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மூன்றாவது தடவை, ஒன்றரை மணிக்கு, எந்த இடத்தில் போடவேண்டும் என்று கேட்கிற திரையில் நாலு வரி இருந்தது. பார்ட்டிஷன் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஹார்ட் டிஸ்க் வட்டைப் பிரித்த துண்டுகள். முதல் இரண்டு தடவையும் வீடியோவில் சொன்ன மாதிரி மூன்றாவது வரியைத் தொட்டு அடுத்து என்று போனேன், இந்தத் தடவை இங்கே போட முடியாது என்று மஞ்சள் முக்கோணம் காட்டியது. வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள், எல்லா வரியையும் டெலிட் பண்ணிவிட்டுப் போடுங்கள், சரியாகிவிடும் என்று. பசி, அவருக்கு ஊட்டிவிட்டு நான் சாப்பிடவில்லை, கண் எரிச்சல். ஒவ்வொரு வரியாக அமுக்கினேன், ஒவ்வொரு தடவையும் அது கேட்டது, இதில் உள்ளதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று. சம்மதம், சம்மதம், சம்மதம். நாலாவதற்கும் சம்மதம். நாலு வரியும் போய், ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரியாக நின்றபோதுதான், அந்த வரிக்கு எதிரே தொள்ளாயிரத்து முப்பத்தொன்று ஜி.பி. என்று அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தபோதுதான் டி டிரைவ் நினைப்பு வந்தது, அதற்குள் விரல் அடுத்து என்பதை அமுக்கிவிட்டது. நாலாவது வரி எது? டி டிரைவ் எந்த வரியில் இருந்தது? வேறு வட்டில் இருக்குமோ, அவர் இரண்டு வட்டு போட்டிருந்தாரோ, எப்போதோ சொன்னாரே, அது பழைய பெட்டியிலா இதிலா. ஐம்பத்தொன்று. அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டு போகிறது, அந்த இடத்துக்கு மேலேயே எழுதிக்கொண்டு போகிறது. நிறுத்தலாமா? நிறுத்தினால் வந்துவிடுமா? யாரைக் கேட்பது? கேட்க வேண்டிய ஆள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

டி டிரைவில் அவர் குரல் இருந்தது. கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பாடம் எடுத்தபோது ரெக்கார்டு பண்ணியது, நாற்பத்து மூன்று பாடம். கல்லூரிக்கு அனுப்பியது இருமலையும் இரைச்சலையும் வெட்டிச் சுத்தம் பண்ணின துண்டுகள், அவை இப்போது எங்கே கிடக்கின்றனவோ, எனக்கு அவை வேண்டாம், வெட்டாத முழுசு இங்கேதான் இருந்தது. அவர் மூன்று மணிக்குக் கண் அசருவார், ஒரு முக்கால் மணி நேரம், அப்போது நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். மார்ச்சிலிருந்து கேட்கிறேன். இயற்பியல் எனக்கு ஒன்றும் புரியாது, பரப்பு இழுவிசை என்றால் என்ன என்று இப்போதுகூட யாரும் கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் அந்தப் பாடத்தில் அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் "என்ன, வெளங்குதா?" என்று யாருமில்லாத அறையைப் பார்த்துக் கேட்பார், அதெல்லாம் மனப்பாடம். நடுவில் ஒரு இடம், என்னைக் கூப்பிடுவார். "லில்லி, அந்த மிக்சிய நிறுத்துட்டி, கிளாஸ் எடுக்கேன்லா." அன்றைக்கு அது கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது, சட்னி அரைக்காமல் தோசைக்கு என்ன வைப்பதாம். இப்போது என்னைக் கூப்பிட அவரிடம் இருப்பது ஒரு 'ஏ' தான். அந்த ஒரு வரியை எத்தனை தடவை திருப்பித் திருப்பி வைத்திருப்பேன். உயிரோடு ஆறடி தள்ளித் தூங்குகிற மனுஷனுக்குத் தெரியாமல், அவருடைய குரலை நான் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்தேன், ஏதோ வேற்று ஆளோடு பேசுகிற மாதிரி ஒரு கூச்சம்கூட இருந்தது. அவர் புரண்டு படுத்தால் சட்டென்று ஹெட்போனைக் கழற்றுவேன். அறுபது. அறுபத்திரண்டு.

"சாவி," என்கிறார் பின்னாலிருந்து. மறுபடியும். முதல் நூறு முடிந்ததிலிருந்து இதே வார்த்தைதான். முதல் தடவை சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, நல்ல சுத்தமான வார்த்தை, சாவி, மெர்லினிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பீரோ சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தள்ளிவிட்டார். கேட் சாவி, ஸ்கூட்டர் சாவி, எட்டு மாதமாகத் தொடாத ஸ்கூட்டர், வெளியே போக ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன், அதையும் தள்ளிவிட்டார். இரண்டாவது நூறு முடிந்தபோது மறுபடி சாவி என்றார், இடது கையால் காற்றில் எதையோ பிடித்து இழுத்துக் காட்டினார். "கதவு பூட்டித்தான் இருக்கு, யாரும் வரமாட்டாங்க, நீங்க சும்மா இருங்க," என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். சும்மா இருங்க என்று அந்த மனுஷனிடம் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார், கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கப் போகவில்லை நான், இங்கே திரை அடுத்த கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது மூன்றாவது தடவையாகச் சொல்கிறார். "சாவி. ஏ. சாவி."

"என்னத்தச் சொல்லுதிய, எனக்கு வெளங்கலியே," என்கிறேன், திரும்பாமலே.

தப்பு வார்த்தை என்றால் எனக்குப் பயம். அன்றைக்கும் ஒரு தப்பு வார்த்தைதான். செப்டம்பரில் ஒரு காலை, இதே மேஜைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து யு.பி.எஸ். பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவர், "லில்லி, அந்தச் சாம்பார எடு," என்றார். கை ஸ்குரூ டிரைவர் இருந்த பக்கம் நீண்டிருந்தது. நான் சிரித்தேன். பசி வந்துவிட்டது போல என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். கையில் வாங்கினார், அது கீழே விழுந்த சத்தம் கேட்டது, அதையும் கேட்டேன். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்து பார்த்தேன். அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், எப்போது ஆரம்பித்தது என்று. இப்போதுதான் என்று சொன்னேன். யாரிடமும் நான் அதைத் திருத்திச் சொல்லவில்லை, ஷைனியிடமும் சொல்லவில்லை. நாற்பது நிமிஷம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்கவும் தைரியம் இல்லை, ஒன்றும் மாறியிருக்காது என்று அவர் சொல்லிவிட்டால்கூட நான் நம்பப் போவதில்லை. எண்பத்தேழு. கால் மரத்துப் போயிருக்கிறது. காலை மாற்றி வைக்கிறேன். வெளியே யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள், தொட்டி நிரம்பி வழிகிறது, ஒருவரும் நிறுத்தக் காணோம். கொஞ்ச நேரம் மேஜையில் தலையை வைத்துக்கொண்டால் என்ன. வைத்தால் தூங்கிவிடுவேன். நான் தூங்கினால் இந்த வீட்டில் எல்லாம் நின்றுவிடும். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றாறு. இந்தத் தடவையாவது ஆண்டவரே, இந்த ஒரு தடவை.

நூறு. அணைகிறது. கறுப்புத் திரையில் என் முகம் தெரிகிறது, அதற்குப் பின்னால் ஏதோ அசைகிறது. பெட்டி உறுமி எழும்புகிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், வட்டம் சுற்றுகிறது, நீலம் வருகிறது. மொழியைத் தேர்ந்தெடுக்கவும். எனக்கு அழுகைகூட வரவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தரையில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்கிறது, ஒரு ஊன்றல், பிறகு வலது காலை இழுக்கிற சத்தம், மறுபடி ஒரு ஊன்றல். தனியாக எழுந்து நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. எழுந்து பிடிக்கப் போகிறேன், கம்பைத் தூக்கி என்னை விலக்குகிறார், தூக்கிய ஒரு நொடி ஆடிப்போகிறார், நான் பிடிக்கவில்லை, கையை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏழெட்டுச் சின்னச் சின்ன எட்டு வைத்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்து நிற்கிறார். மூச்சு இரைக்கிறது. கம்பை மேஜையில் சாய்த்துவிட்டு, குனிந்து, இடது கையால் பெட்டியின் முன்பக்கம் துழாவி, செருகியிருந்த பென்டிரைவைப் பிடித்து இழுத்து எடுக்கிறார். என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "சாவி," என்கிறார். மெதுவாக, கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற மாதிரி. பிறகு பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார், அணைகிறது, விட்டு மறுபடி அமுக்குகிறார்.

இந்தத் தடவை அது மொழி கேட்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், தயாராகிக்கொண்டிருக்கிறது என்கிறது. எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் அது சரியாகத்தான் முடிந்திருக்கிறது. முடித்து எழும்பும்போது பென்டிரைவ் செருகியே இருந்ததால் அதிலிருந்தே மறுபடி ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். எடுத்திருந்தால் போதும். பூட்டில் விட்ட சாவியை எடுக்கிற மாதிரி எடுத்திருந்தால் போதும். அவர் முதலில் சொன்னது பதினொன்றரைக்கு. நான் நாலாவது வரியை அமுக்கியது ஒன்றரைக்கு. நடுவில் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அந்த இரண்டு மணி நேரத்தில் நான் அவருக்கு ஸ்கூட்டர் சாவி காட்டியிருக்கிறேன், சோறு ஊட்டியிருக்கிறேன், சும்மா இருங்க என்று சொல்லியிருக்கிறேன்.

அவரை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையிலிருந்து ஸ்டூலை இழுத்து வந்து பக்கத்தில் உட்காருகிறேன். அரை மணி நேரத்தில் புதுத் திரை வந்துவிட்டது, ஏதோ மலை, ஏதோ ஏரி. அம்புக்குறியை நகர்த்தி உள்ளே போய்ப் பார்க்கிறேன். ஒரே ஒரு டிரைவ், சி. வேறு வட்டெல்லாம் இல்லை. அவருக்கும் தெரிகிறது, அவர் கண்ணும் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. இதை நாளைக்குத் தள்ளிப்போட முடியாது, தள்ளினால் இதையும் சொல்லாமலே இருந்துவிடுவேன். "டி டிரைவ் போச்சுங்க," என்கிறேன். "நாந்தான் அழிச்சிட்டேன். உங்க பாடமெல்லாம் அதுலதான் இருந்துச்சு. நீங்க சொன்னது எனக்கு வெளங்கல. நான் கேக்கல." அவர் இடது கையைத் தூக்கித் தன் காதைத் தொடுகிறார், பிறகு அதே விரலால் என்னைக் காட்டுகிறார். திரும்பக் காது, திரும்ப நான். கண்ணை மூடித் தூங்குவது போலக் காட்டிவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறக்கிறார். எனக்குக் காதெல்லாம் சூடாகிறது. தூங்கவே இல்லை இவர், அத்தனை நாளும் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லா," என்கிறார். நிற்கிறார். நெற்றியில் நரம்பு எழும்புகிறது. "பேசுவான்." மேஜையைத் தட்டுகிறார். "நல்லா பேசுவான்." கூட வேலை பார்த்துச் செத்துப்போன ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொல்கிறார்.

"ஆமா," என்கிறேன், "ரொம்பப் பேசுவான். ஒரு மனுஷியப் பேச விடமாட்டான்." வாய் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு சிரிக்கிறார், எச்சில் வழிகிறது, முந்தானையால் துடைக்கிறேன், என் கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொள்கிறேன். போய் அடுப்படியில் நின்று ஆறிப்போன சோற்றில் மோரை ஊற்றி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். வந்தால் அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார், சிடி கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.

புரோகிராம் தகராறு பண்ணாமல் திறந்துகொள்கிறது. நடுவில் ஒரு படம் வரும், கீழே இரண்டு பொத்தான், சரி என்று ஒன்று, தவறு என்று ஒன்று, கூட இருக்கிறவர்கள் அமுக்க வேண்டும். முதல் படம் தலைவாருகிற சீப்பு, சிவப்பு நிறம். அவர் பார்க்கிறார். உதடு குவிகிறது, பிரிகிறது, ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. நேற்றாக இருந்தால் 'சீ' என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்து, அவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மீதியையும் நானே சொல்லி முடித்திருப்பேன். "வாழ," என்கிறார். "வாழப்பழம்." என் விரல் தவறு பக்கம் போய்விட்டது. போய் அப்படியே நிற்கிறது. வாழைப்பழம் எப்படி வந்தது? இந்தப் படத்திலிருந்து வாழைப்பழத்துக்கு வேறு எந்த வழியாகப் போக முடியும், சீப்பைத் தாண்டாமல்? உள்ளே இருக்கிறது, வார்த்தை உள்ளேதான் இருக்கிறது, நிற்க முடியாமல் அதைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். விரலை எடுத்துவிடுகிறேன். "சரி, பழந்தான்," என்கிறேன், "மார்க்கெட்டுல போய் எப்படிக் கேப்பிய? எவ்வளவு வேணும்னு கேப்பிய?" என்னைப் பார்க்கிறார். திரையைப் பார்க்கிறார். வெயில் மேற்குச் சுவரிலிருந்து மேஜைக் கால் வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் துணி மடிக்கவில்லை, இரவுக்கு மாவும் இல்லை. "ஒரு," என்கிறார். நான் மடியில் கையைக் கோத்துக்கொள்கிறேன். "ஒரு." எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. "ஒரு சீப்பு," என்கிறார், கடைக்காரரிடம் சொல்கிற அதே தோரணையில், சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுப் படத்தைப் பார்க்கிறார்.

சரி என்பதை அமுக்குகிறேன். அடுத்த படம் வருகிறது, ஒரு வாளி. அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்.